எனக்கும் சேர வேண்டிய திட்டு

பேசுகிறவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் குலையாத புன்னகையோடு வீற்றிருக்கும் விழாத் தலைவர், மனநல மருத்துவர் அம்மையார் அவர்களே. மருந்துச் சீட்டு எழுதுவது மருத்துவர் வேலை, மறுநாள் காலையில் எழுந்து போக ஓர் இடம் தேடித் தருவது எங்கள் வேலை என்று ஒவ்வொரு முதலாளியின் வாசலிலும் ஓயாமல் வந்து நிற்கும் வேலைத்துணை அமைப்பின் அன்பர்களே. பிள்ளைகளுக்காக ஏறி இறங்கிய படிகளை எண்ணுவதை என்றோ நிறுத்திவிட்ட தாய்மார்களே, தந்தைமார்களே. தம்பிக்கும் தங்கைக்கும் தாயாகவே மாறிப்போன அக்காமார்களே, அண்ணன்மார்களே. வேலை கொடுக்கலாமா வேண்டாமா என்ற யோசனையைச் சட்டைப்பையில் நான்காய் மடித்து வைத்துக்கொண்டு வந்திருக்கும் முதலாளிமார்களே. வேலையில் இருப்பவர்களே, வேலை தேடுபவர்களே, வேலைக்கு இன்று லீவு சொல்லிவிட்டு வந்தவர்களே. மூன்றாம் வரிசையில் அமர்ந்து என் பிழைகளை எண்ணத் தொடங்கிவிட்ட என் வீட்டுக்காரர் அவர்களே. உங்கள் அனைவருக்கும் கறையில்லாத, கசங்காத, கஞ்சி போட்ட காலை வணக்கம்.

இத்தோடு என் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தது முடிந்தது. அவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். இந்த உரையை நான் எழுதி அவரிடம் காட்டினேன். நாற்பத்தொரு பிழை என்றார். "அதுல முப்பது ஒரே பிழை. ல எழுத வேண்டிய இடத்துல ள, ள எழுத வேண்டிய இடத்துல ல" என்றார். நான் என்ன செய்ய? இருபத்திரண்டு ஆண்டுகளாகத் துணி மடிக்கிறேன். உலகத்தில் எதைக் கொடுத்தாலும் மடித்துவிடுவேன். என் நாக்கை மட்டும் மடிக்க வரவில்லை. நாக்கு மடியாதவளுக்கு ஏதம்மா ளகரம்? ஆகவே, பெரியோர்களே, இனி வரும் பிழைகள் யாவும் என்னுடையவை. அழகு ஏதாவது இருந்தால் அது அவருடையது.

என்ன ஐயா, பின்னால் கேட்கவில்லையா? மைக்கைத் தள்ளி வைத்துவிட்டேன், அதுதான் காரணம். இப்போது கேட்கிறதா? கேட்கும். நான் மேற்பார்வை பார்க்கும் சலவைக்கூடத்தில் பதினாறு இயந்திரங்கள் ஓடுகின்றன. பதினாறும் ஒன்றாய்ச் சுழலும்போது, கடைசி மூலையில் நிற்பவரை நான் கூப்பிட்டால் தெருக்கோடியில் போகிறவர் திரும்பிப் பார்ப்பார். அதனால் அங்கே என் பெயரே 'மைக் அக்கா'. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது.

ஐயோ. ஒன்றுமில்லை, பதறாதீர்கள். மேசை மூலையைப் பிடித்தேன், ஊசி குத்திவிட்டது. இந்த வெள்ளை விரிப்பில் யாரோ எதையோ குத்தி வைத்திருக்கிறார்கள். பிறகு பார்த்துக்கொள்கிறேன். ஊசிக்குப் பயந்து பேச்சை நிறுத்துகிற பரம்பரை இல்லை நான்.

இன்று நான் ஒருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர் இந்த அரங்கத்தில் இல்லை. இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். "உங்களுக்குத்தான் லீவு, எனக்கு டூட்டி இருக்கு" என்றார். பேசிக்கொள்ள அனுமதி தந்தார், மூன்று நிபந்தனைகளோடு. பெயரைச் சொல்லக்கூடாது. நான் அழக்கூடாது. குளியல் அங்கிகளின் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லக்கூடாது. அது என்ன எண்ணிக்கை என்பது போகப் போகத் தெரியும்.

மூன்றரை ஆண்டுகளுக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, கையில் ஒரு நோட்டோடு ஒரு பெண் எங்கள் கூடத்துக்கு வந்தாள். அதோ, இரண்டாம் வரிசையில் முகத்தை மூடிக்கொள்கிறாளே, அவளேதான். வேலைத்துணை. மனநோய் வந்து தேறியவருக்கு வேலை தேடித் தருவாள். தேடித் தந்ததோடு கையைக் கழுவிக்கொண்டு போக மாட்டாள். வேலை நிலைக்கிறவரை கூடவே வருவாள். அன்று என்னிடம் சொன்னாள்:

"அக்கா, முப்பத்தஞ்சு வயசு. அவருக்குக் குரல்கள் கேக்கும். மாத்திரை ஒழுங்கா எடுத்துக்கிறார். இதை உங்ககிட்ட சொல்லலாம்னு அவரேதான் சொன்னார். இதுவரைக்கும் நாலு வேலைக்குப் போயிருக்கார். நாலும் போயிடுச்சு."

"அவரா விட்டாரா, அவங்க விட்டாங்களா?"

"யாரும் எதுவும் சொல்லலக்கா. அவங்களும் சொல்லல, இவரும் சொல்லல. சத்தமில்லாம நின்னு போச்சு."

'சத்தமில்லாம' என்றாள். அந்தச் சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று நான் வைத்துக்கொள்ளவில்லை.

எங்கள் முதலாளி நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் செய்யும் தவறுக்கு அளவே கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அவர் எல்லோரையும் கூட்டி வைத்து, "புதுசா ஒருத்தர் வர்றார். அவர் முன்னாடி யாரும் சத்தம் போடக்கூடாது. திட்டக்கூடாது. முக்கியமா..." என்று நிறுத்தினார். இருபத்தாறு தலைகள் என் பக்கம் திரும்பின.

பெரியோர்களே, நான் திட்டினால் எப்படித் திட்டுவேன் என்பதற்கு ஒரு சிறு மாதிரி தருகிறேன். "யோவ், இது மடிப்பா, தூங்கி எழுந்த மூஞ்சியா?" "கண்ணு உன்னுதா, இரவல் வாங்கினியா?" "இந்த உறையை இஸ்திரி போட்டியா, இல்ல மேல ஏறிப் படுத்தியா?" இவை காலை எட்டு மணிக்கு முந்தியவை. இப்படிப்பட்ட வாய்க்குப் பூட்டுப் போட்டார்கள். யாரைக் கேட்டுப் போட்டார்கள்? என்னைக் கேட்டார்களா? போகட்டும். அவரைக் கேட்டார்களா?

கேட்கவில்லை. அவருக்காக எல்லாவற்றையும் யோசித்த நாங்கள், அவரைக் கேட்க மட்டும் யோசிக்கவில்லை.

வந்தார். ஒல்லியான மனிதர். பேச்சுக் குறைவு, வேலையில் அக்கறை. மடிப்பு மேசையில் சேர்த்தோம். அங்கே எங்கள் மூத்த மடிப்பாளர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் சித்தப்பா. யாருடைய அப்பாவுக்குத் தம்பி என்று யாருக்கும் தெரியாது. பெரிய விரிப்பை ஒருவர் தனியாக மடிக்க முடியாது. இருவர் வேண்டும். இருவரும் ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து எதிரெதிரே நின்று, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு முறை இப்படி நேருக்கு நேர் நடந்து வருகிற இருவர் பகையாளிகளாக இருக்க முடியுமா? முடியும், என் வீட்டிலும் விரிப்பு மடிக்கிறோம். ஆனால் கஷ்டம்.

நான் இந்தப் புதியவரிடம் பேசிய அழகைக் கேளுங்கள். "தம்பி, நீங்க வாங்க. தம்பி, நீங்க உக்காருங்க. பரவாயில்லை தம்பி, நீங்க சிரமப்படாதீங்க, நாங்க பாத்துக்கிறோம்." நீங்க, நீங்க, நீங்க. என் சொந்த மைத்துனரைக்கூட நான் 'நீங்க' என்று கூப்பிட்டதில்லை, அவர் இன்றுவரை வருத்தத்தில் இருக்கிறார். கூடத்தில் எல்லோருக்கும் 'யோவ்', இவருக்கு மட்டும் 'நீங்க'. அதை மரியாதை என்று நினைத்தேன், மகாஜனங்களே. அது மரியாதை இல்லை, சுவர். சர்க்கரையால் கட்டிய சுவர், அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்று மாதம் ஓடியது. இப்போதுதான் என் நாக்கு மடியாத கதை நடுக்கூடத்துக்கு வருகிறது.

மடித்த கட்டுகளை மாலையில் நான் சோதிப்பேன். குறை இருந்தால் ஒரு சீட்டில் எழுதி, ஊக்கால் கட்டில் குத்திவிட்டுப் போவேன். புதியவர் மடித்தது என்று தெரிந்தால் மட்டும் சீட்டு எழுதாமல் நானே திருத்திவிடுவேன். 'கறை போகவில்லை.' 'ஓரம் கிழிந்திருக்கிறது.' இப்படி. காலையில் வருகிறவர்கள் பார்த்துச் சரி செய்வார்கள். அன்று யார் மடித்தது என்று பார்க்காமல் எடுத்த ஒரு கட்டில் மூலையோடு மூலை சேரவில்லை, ஒரு விரல் அளவு விலகியிருந்தது. எழுதினேன். 'மூலை சரியில்லை. மீண்டும் மடிக்கவும்.' அப்படித்தான் நான் எழுதியதாக இன்றும் சத்தியம் செய்வேன். ஆனால் சீட்டில் இருந்தது என்ன தெரியுமா?

'மூளை சரியில்லை. மீண்டும் மடிக்கவும்.'

சிரியுங்கள், சிரியுங்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் அந்தக் கட்டை முதலில் எடுத்தவர் சித்தப்பா. சீட்டைப் படித்தார். எதிரே இவர் நிற்கிறார். சித்தப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது, எங்கள் இயந்திரம் வெளுப்பதைவிட நன்றாக. சட்டென்று சீட்டைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதோடு விட்டாரா? தேநீர் வேளையில் இஸ்திரி மேசைக்காரரிடம் காதோடு காதாகச் சொன்னார். அவர் ஓட்டுநரிடம், ஓட்டுநர் கணக்கரிடம். "மைக் அக்கா இப்படி எழுதலாமா? அவர் காதுல விழுந்துடப் போகுது, மெதுவா பேசு." கூடம் முழுக்கக் குசுகுசு. அவர் உள்ளே வந்தால் பேச்சு நிற்கும், வெளியே போனால் பேச்சு பிறக்கும். பொதுவாக எந்த ஊர்வம்பும் என்னைத் தாண்டிப் போகாது. இது என்னைப் பற்றிய வம்பு, அதனால் எனக்கு மட்டும் வரவில்லை.

நான்காம் நாள் அவர் வரவில்லை. அவருடைய அக்கா வந்து ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போனார். 'உடல்நிலை காரணமாக வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்.' ஐந்தாவது வேலை. இதுவும் போனால் இனிமேல் வேலையே தேடுவதில்லை என்று அவர் முடிவு செய்திருந்தார். அதை அந்த அக்கா வாசலில் நின்று சொல்லிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் போய்விட்டார்.

திரும்பினால் சித்தப்பா. கையில் சீட்டு, கண்ணில் கோபம்.

"இதை நீங்க எழுதலாமாம்மா?"

"ஏன், மூலை சரியில்லைதானே?"

"எந்த மூளை?"

"நாலு மூலையும்தான் சித்தப்பா."

"யாருக்கும்மா நாலு மூளை இருக்கு?"

"எல்லா விரிப்புக்கும் நாலு மூலை உண்டு. உங்களுக்கு என்ன ஆச்சு?"

இந்த உரையாடல் இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே ஓடியது. கடைசியில் சித்தப்பா சீட்டை என் மூக்குக்கு நேரே நீட்டி, எழுத்தின் மேல் விரலை வைத்தார். பார்த்தேன். நாக்கு உள்ளே போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் கற்காத இலக்கணத்தை அந்த ஒரு நொடியில் கற்றேன், பெரியோர்களே. ஓர் எழுத்து மாறினால் ஒரு மனிதனின் பிழைப்பே போய்விடும் என்ற இலக்கணம்.

அன்று மாலையே வேலைத்துணைப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடி. கதவைத் திறந்த அக்காவிடம் காற்றோடு காற்றாக, "தம்பி இருக்காரா?" என்றேன்.

"இருக்கான். இங்க யாரும் சாகல, சாதாரணமா பேசுங்க" என்றார் அந்த அக்கா.

அவர் உள்ளே கட்டிலில் உட்கார்ந்து ஒரே துண்டை மடித்தும் பிரித்தும் கொண்டிருந்தார். நான் மறுபடியும் மெல்லிய குரலில், "தம்பி, நீங்க..." என்று தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார். அதுவரை மூன்று மாதத்தில் அவர் பேசிய மொத்தப் பேச்சையும்விட அதிகமாக அன்று பேசினார்.

"அக்கா, எனக்குள்ள ஒரு குரல் வரும். அது கத்தாது, மெதுவாத்தான் பேசும். 'எல்லாரும் உன்னைப் பத்தித்தான் பேசுறாங்க'ன்னு சொல்லும். அப்படி வந்தா பயப்படாம சுத்திப் பாரு, நிஜமா யாராவது பேசுறாங்களான்னு பாருன்னு டாக்டரம்மா சொல்லிக் குடுத்திருக்காங்க. பாத்தேன். நிஜமாவே நீங்க எல்லாரும் என்னைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தீங்க. இப்ப நான் எதை நம்புறது, சொல்லுங்க?"

டாக்டரம்மா, இதற்கு உங்கள் படிப்பில் பதில் இருக்கலாம். என் படிப்பில் இல்லை.

அவர் விடவில்லை. "அந்தக் கூடத்துல எனக்குச் சந்தேகமே வராத குரல் ஒண்ணுதான்க்கா. உங்க குரல். நீங்க கத்துனா, மெஷின் சத்தத்தைத் தாண்டி பத்துப் பேர் திரும்பிப் பாக்குறாங்க. அப்ப அது வெளியிலேர்ந்துதான் வருதுன்னு எனக்கு உறுதி. ஆனா என்கிட்ட மட்டும் நீங்க குசுகுசுன்னு பேசினீங்க. எல்லாருக்கும் திட்டு விழுது, எனக்கு மட்டும் 'பரவாயில்லை தம்பி'. எனக்கும் சேர வேண்டிய திட்டை ஏன்க்கா குடுக்கல?"

சம்பள உயர்வு கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். லீவு கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தாத்தா மூன்று முறை இறந்தார் என்று லீவு கேட்டவரையும் பார்த்திருக்கிறேன். திட்டில் பங்கு கேட்ட மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

வேறு வழியில்லை. சீட்டை எடுத்து நீட்டினேன். "இதுதான். இதைத்தான் எல்லாரும் ஒளிச்சாங்க. நான் மூலைன்னுதான் எழுதினேன். கை ள போட்டுடுச்சு." வாங்கிப் படித்தார். அவருடைய அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார், அதில் எந்தத் துணியும் கருகிவிடும்.

அவர் நிமிர்ந்து கேட்ட கேள்வி என்ன தெரியுமா? "மூலை நிஜமாவே சரியில்லையா?"

"இல்ல" என்றேன். "ஒரு விரல் விலகல். ரொம்ப நாளாவே காலையில வர்ற கட்டெல்லாம் அப்படித்தான். மதியத்துக்கு மேல மடிச்சது ஜோரா இருக்கும்."

"ரொம்ப நாளாவா? ஏன் சொல்லல? ராத்திரி மாத்திரையோட மப்பு காலையில கொஞ்ச நேரம் இருக்கும்க்கா. ஏழு மணிக்கு எனக்கு மூலையே ரெண்டு ரெண்டாத் தெரியும். பத்து மணிக்கு மேல தெளிவாயிடும். சொல்லியிருந்தா அன்னைக்கே நேரத்தை மாத்திக் கேட்டிருப்பேன்ல."

கேட்டீர்களா? ஒரு திட்டு. ஒரே ஒரு நேர்மையான திட்டு. முதல் வாரமே அது விழுந்திருந்தால், காலை ஏழு மணி பத்து மணியாகியிருக்கும், காரியம் முடிந்திருக்கும். எங்கள் நல்ல மனம் அதை மறைத்தது. எங்கள் இரக்கம் அதை இழுத்தடித்தது.

அவர் பேனா கேட்டார். வேலைத்துணைப் பெண் கொடுத்தாள். 'ளை'யை அடித்தார், மேலே 'லை' என்று எழுதினார், சீட்டை என்னிடம் திருப்பித் தந்தார்.

"அக்கா, மூளையைப் பாக்க டாக்டர் இருக்காங்க. நீங்க மூலையைப் பாருங்க, போதும்."

அன்பர்களே, முதலாளிமார்களே, நான் இரண்டு கருத்தரங்கம் போயிருக்கிறேன். ஒரு பயிற்சி முகாமில் மூன்று நாள் தூங்கியிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக இந்த விஷயத்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அப்புறம் நான் என்ன செய்தேன்? எழுந்தேன். புடவையை இழுத்துச் செருகினேன். மூன்று மாத வட்டியையும் சேர்த்துக்கொண்டு ஆரம்பித்தேன். "யோவ், கடுதாசியா எழுதுற கடுதாசி? மூலையைச் சேக்கத் தெரியல, விலகிக்கிறேன்னு எழுத மட்டும் தெரியுதா? நாளைக்குப் பத்து மணிக்கு நீ மேசையில நிக்கல, உன்னையும் விரிப்போட சேத்து மடிச்சு அனுப்பிடுவேன்." எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. கீழ்வீட்டு ஜன்னல் திறந்தது. மாடியில் ஒருவர் எட்டிப் பார்த்தார். இவர் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தார், நிதானமாக எண்ணினார். பிறகு தன் அக்காவிடம் திரும்பி, "வெளியிலேர்ந்துதான் வருது" என்றார்.

அந்த அக்கா சிரித்துக்கொண்டே உள்ளே போனார். கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. நான் அழவில்லை, நிபந்தனை இருக்கிறது.

மறுநாள் பத்து மணிக்கு வந்தார். அன்றிலிருந்து அவர் பெயர் 'மூலைக்காரர்'. அவரே வைத்துக்கொண்டது. இன்று அவர் மடித்த கட்டைக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பலாம். மூலையோடு மூலை சேர்ந்து, கத்தியால் நறுக்கியதுபோல இருக்கும்.

தவறே செய்வதில்லையா என்று கேட்கிறார் அந்த நீலச்சட்டை ஐயா. செய்யாமல் என்ன? அந்தக் குளியல் அங்கிக் கதை இருக்கிறதே. எங்களிடம் ஒரு ஓட்டல் துணியும் ஒரு மருத்துவமனைத் துணியும் வருகின்றன. அடுத்த ஆண்டு ஒரு நாள் மூலைக்காரர் இரண்டு தள்ளுவண்டிகளை மாற்றி ஏற்றிவிட்டார். ஓட்டலுக்குப் போக வேண்டிய பஞ்சு போன்ற குளியல் அங்கிகள், சரியாக முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது இல்லை, மருத்துவமனைக்குப் போய்விட்டன. மருத்துவமனை அங்கிகள், முதுகுப் பக்கம் திறந்திருக்குமே, அவை ஓட்டலுக்குப் போய்விட்டன. நீச்சல் குளத்திலிருந்து ஏறிய ஒரு பெரிய மனிதர் அதை மாட்டிக்கொண்டு வரவேற்பறை வழியாக நடந்தாராம். முன்னால் பார்த்தவர்கள் வணக்கம் சொன்னார்களாம். பின்னால் பார்த்தவர்கள் வேறு ஏதோ சொன்னார்களாம். மருத்துவமனையிலோ, கால் முறிந்த ஒருவர் அங்கியைக் கட்டிக்கொண்டு, "இதைத் திருப்பித் தர மாட்டேன், வேணும்னா இன்னொரு காலையும் உடைச்சுக்கிறேன்" என்றாராம்.

அன்று நான் திட்டினேன் பாருங்கள், இயந்திரங்களே வெட்கப்பட்டு நின்றன. கால் மணி நேரம். "வண்டிக்கு ஒரு நிறம் அடிச்சு வச்சிருக்கே, அது என்ன அழகுக்கா?" மூலைக்காரர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். முடிந்ததும் சித்தப்பா கையைத் தட்டினார், பின்னாலேயே கூடம் முழுக்கக் கைதட்டல். யாருக்கு என்று தெரியவில்லை. எனக்கு என்றுதான் நினைத்துக்கொண்டேன். நிறம் கண்ணில் படாவிட்டாலும் கைக்குத் தெரியட்டும் என்று, அன்று மாலை மூலைக்காரர் இரண்டு வண்டிகளின் கைப்பிடியிலும் வேறு வேறு துணியைச் சுற்றிக் கட்டினார். அதன் பிறகு வண்டி மாறவே இல்லை. அந்த வழக்கம் இன்று கூடம் முழுக்க இருக்கிறது.

எல்லாம் இனிப்பாகவே இருந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடாது. போன ஆண்டு அவருக்கு மறுபடி உடம்பு முடியாமல் போனது. முன்கூட்டியே அவரே வந்து சொன்னார்: "அக்கா, குரல் கூடுது. டாக்டரைப் பாக்கணும்." ஐந்து வாரம். மாற்று ஆள் போடுவோம் என்றார் முதலாளி. சித்தப்பா போய்ச் சுவரில் இரண்டு கொக்கி அடித்தார். விரிப்பின் இரண்டு மூலையைக் கொக்கியில் மாட்டினார், மற்ற இரண்டைத் தான் பிடித்துக்கொண்டு சுவரை நோக்கி நடந்தார். ஐந்து வாரம் சுவரோடு மடித்தார். "கஷ்டமா இல்லையா சித்தப்பா?" என்று கேட்டேன். "கொக்கி என் கதையை எல்லாம் கேக்குது. ஆனா எதிர்ல நடந்து வரமாட்டேங்குது" என்றார்.

திரும்பி வந்த அன்று மூலைக்காரர் அந்தக் கொக்கிகளைப் பார்த்தார். விரிப்பின் இரண்டு மூலையை எடுத்துக்கொண்டு தன் இடத்தில் போய் நின்றார். சித்தப்பா எதிரே நின்றார். இருவரும் நடந்து வந்தார்கள். அன்று நான் சோதிக்கவில்லை.

ஆகவே, யோசனையைச் சட்டைப்பையில் மடித்து வைத்திருக்கும் முதலாளிமார்களே, அதை எடுத்துப் பிரியுங்கள். 'நடுவில் ஏதாவது ஆகிவிட்டால்?' என்றுதானே எழுதியிருக்கிறது? ஆகும். எங்கள் ஓட்டுநருக்கு முதுகு பிடித்தது, இருபது நாள் படுத்தார். கணக்கருக்குக் காதல் பிடித்தது, இரண்டு மாதம் கூட்டலே வரவில்லை. எனக்குப் பித்தப்பையில் கல், ஒரு மாதம் கூடம் அமைதியாக இருந்ததாம், அதை இன்றுவரை பொற்காலம் என்கிறார்கள். யாரையாவது வீட்டுக்கு அனுப்பினோமா? முதுகுக்குக் காத்திருக்கத் தெரிந்த நமக்கு, மனசுக்குக் காத்திருக்கத் தெரியாதா? கல்லுக்குத் தந்த கருணையைக் கலக்கத்துக்குத் தரக்கூடாதா? கருணைகூட வேண்டாம். கணக்காய் ஒரு வேலை, கண்ணியமாய் ஒரு சம்பளம், காலை பத்து மணிக்கு ஒரு மேசை, எதிரே நடந்து வர ஓர் ஆள். மூலை விலகினால் முகத்துக்கு நேரே சொல்லும் ஒரு வாய். வேறென்ன கேட்டார் அவர்?

தாய்மார்களே, வேலை கேட்டுப் போகும்போது தலையைக் குனிந்து போகாதீர்கள். என் பிள்ளையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்காதீர்கள். பத்திரமாக வைக்க அவர்கள் என்ன கண்ணாடிக் கிண்ணமா? என் பிள்ளைக்கு எது எப்போது முடியும் என்று அவனையே கேளுங்கள் என்று சொல்லுங்கள். வேலைத்துணைப் பெண்ணை விட்டுவிடாதீர்கள். அவள் இன்றும் மாதம் ஒரு முறை வருகிறாள். வந்தால் அவரைவிட என்னிடம்தான் அதிக நேரம் பேசுகிறாள். அவரை வேலைக்குப் பழக்க அவளுக்கு ஒரு வாரம் ஆனது. என்னை அவருக்குப் பழக்கத்தான் ஒரு வருஷம் ஆனது.

தலைவர் அம்மையார் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். முடித்துவிடுகிறேன். புறப்படும் முன்பு இந்த ஊசியை எடுத்துவிடுகிறேன், அடுத்துப் பேச வருபவருக்குக் குத்தும். இந்த மேடை விரிப்பு எங்கள் கூடத்திலிருந்து வந்ததுதான், மூலைக்காரர் இன்று காலையில் மடித்துக் கொடுத்தது. காலை விழாவுக்கு வேண்டும் என்று நான்தான் அவரை ஏழு மணிக்கே வரச் சொல்லி...

ஓ.

சீட்டு இருக்கிறது. அவர் கையெழுத்து. படிக்கட்டுமா? படித்துவிடுகிறேன்.

'மடித்தது காலை ஏழு மணிக்கு. ஏழு மணிக்கு வரச் சொன்னது நீங்கள். மூலை சரியில்லை. இந்தத் தடவை திட்டு உங்களுக்கு.'

மூன்றாம் வரிசையில் என் வீட்டுக்காரர் எழுந்து நின்று எட்டிப் பார்க்கிறார். 'லை'தான் ஐயா, சரியான 'லை'. பிழை ஏதும் இல்லை. பிழை முழுக்க என்னிடம்தான் இருக்கிறது. உண்மைதான், பாருங்கள், மடிப்புக் கோடு ஒரு விரல் அளவு விலகியிருக்கிறது.

என்னை மேடையேற்றிய அமைப்புக்கும், பொறுத்திருந்த தலைவருக்கும், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, சிரிக்கக் கூடாத இடத்திலும் சிரித்த உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. தேநீருக்கு நான் நிற்க முடியாது. மூலைக்காரர் இந்நேரம் மேசையில் இருப்பார். எனக்குச் சேர வேண்டிய திட்டு ஒன்று அங்கே காத்திருக்கிறது, போய் வாங்கிக்கொள்ள வேண்டும். வணக்கம்.